மூன்றாம் நம்பர் டப்பா

ஆய்வகக்காரருக்கு அக்கம்பக்கம் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிழைக்கிற மனுஷன். யாராவது கை குலுக்க வந்தால் பின்வாங்குவார். "நாலு பேர்ல ஒருத்தர் வயித்துல புழு குடியிருக்கு. அந்த ஒருத்தர் நீங்களா இருந்தா?" இப்படிக் கேட்பவரை எவன் விருந்துக்குக் கூப்பிடுவான்?

வீட்டிலும் அவர் தட்டு தனி, டம்ளர் தனி. மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் அவள் பரிமாறின கரண்டியை அவர் வெந்நீரில் முக்கியதும் பொங்கிவிட்டாள்.

"என் கையில புழுவா? நான், நீங்க, உங்கம்மா, மூணு பேரும் பரிசோதனைக்குக் கொடுப்போம். டப்பாவுல பேர் கிடையாது, நம்பர்தான். அதையும் நானே ஒட்டுவேன். எனக்கு இருந்தா உங்க கால்ல விழறேன். உங்களுக்கு இருந்தா அந்தத் தனித்தட்டு குப்பைக்குப் போகணும். முடிவு தெரியற வரைக்கும் அக்கா வீட்டுல இருக்கேன்."

டப்பாக்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியே விட்டாள். அம்மாவோ முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று தனித்தட்டில் வைத்த சோற்றை அவர் அப்படியே மூடி வைத்தார். அவள் இல்லாத வீடு வீடாகவே இல்லை. ஆனால் வீம்பு விடுமா?

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். ஒன்று சுத்தம். இரண்டு சுத்தம். மூன்றில் குட்டை நாடாப்புழு முட்டைகள், சந்தைக் கூட்டமாக! "அடி சக்கை!" வழக்கம்போலப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே எண்ணினார்.

"இந்த ஜென்மம் கையே கழுவாது போல," என்று நர்ஸிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"மூணாம் நம்பர் யாரு, சொல்லு பாப்போம்?"

"நீங்கதான்."

"பொய்!"

"உங்கம்மா சாட்சி. நம்பர் ஒட்டினப்போ பக்கத்துலதான் இருந்தாங்க."

பேனா மூடி வாயிலிருந்து நழுவி, டப்பாக்களுக்கு நடுவே விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக அது கிடக்கிற இடமே அதுதான். அவர் அதையே வெறித்துப் பார்த்தார். மானம் போனதைவிட, அவள் வராமல் போய்விடுவாளோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

"இதுக்கு மாத்திரைய வீட்டுல எல்லாரும் சேர்ந்து போடணும். ஒரு ஆள் குறைஞ்சாலும் கேக்காது."

"யாரு சொன்னா? டாக்டரா?"

"இல்ல... நான்தான். வந்துடேன்."



"பேனாவ வாயில வைக்காதீங்கன்னு எத்தன வருஷமா கத்தினேன்! கைய நல்லா கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. தட்ட நான் வந்து தூக்கிப் போடறேன்."