விடுமுறைக்குப் போக ஒரு வீடு

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஆவடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நந்தினி போனில் அழைத்தாள். "சார், வசந்திம்மா போயிட்டாங்க."

"எங்கே?" என்று கேட்டுவிட்டேன். வசந்தியை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் படாது. எப்போது விசாரித்தாலும் அவர் எங்கோ போய்க்கொண்டுதான் இருப்பார். மறுமுனையில் நந்தினி அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

வசந்தி சென்னீர்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் களை பறித்த நிலங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் பாலிடெக்னிக் ஆசிரியர். ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லங்களில் வளர்ந்து, பதினெட்டு வயதானதும் வெளியே வந்தாக வேண்டிய பெண்பிள்ளைகளை மேற்படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்த்துவிட நாங்கள் சிலர் முயன்றுகொண்டிருந்தோம். ஒரு கூட்டத்துக்கு யாரோ வசந்தியை அழைத்து வந்தார்கள். ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்தார்.

"ஃபீஸ் கட்டுவீங்க, புக்கு வாங்கித் தருவீங்க, எல்லாம் சரி. தீபாவளிக்கு ஆஸ்டல் மூடுவாங்கல்ல? அப்போ அந்தப் பொண்ணு எங்க சார் போவும்?"

எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. அவர் எங்கள் பதிலுக்குக் காத்திருக்கவுமில்லை. அன்று மாலையே வாடகைக்கு வீடு தேடக் கிளம்பிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

வீடு எளிதில் கிடைக்கவில்லை. "அப்பா அம்மா இல்லாத பொண்ணுங்களா?" என்று கேட்டதுமே கதவுகள் சாத்தப்பட்டன. கடைசியில் குமணன்சாவடியில், மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப்போட்டிருந்த சாலைக்குப் பின்னால், ஒரு மாடி வீடு. உரிமையாளர் பெரியவர். "யாரும்மா இதுங்களுக்குப் பொறுப்பு?" என்றார்.

"நான் கீறேன், நைனா."

"உனக்கு மொத்தம் எத்தினி பசங்க?"

"இப்போதிக்கு மூணு. பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும், சொல்றேன்."

பெரியவர் சிரித்துவிட்டார். சாவி கைக்கு வந்தது. அந்தத் தீபாவளிக்கு மூன்று பெண்கள் அங்கே வந்தார்கள். வசந்தி அவர்களோடு முறுக்குச் சுட்டார். பாதி கருகிப்போனதைத் தானே தின்றார்.

அந்த மூவரில் ஒருத்திதான் நந்தினி. நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள், இரண்டாம் ஆண்டில் பாதியிலேயே பையோடு வந்து நின்றாள். இனிமேல் போகமாட்டேன், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றாள். கிடைத்த வாய்ப்பை வீணடிக்காதே என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். அந்த இடத்துக்காக எத்தனை பேரிடம் போய் நின்றிருக்கிறோம் என்ற கோபம் எனக்கு. அடுப்படியிலிருந்து வசந்தி வந்தார்.

"சார், எம் பையன் காலேஜுல அரியரா வெச்சிக்கினு சுத்தினான். அவன ஊட்ட உட்டுத் தொரத்துனேனா? இதுங்களுக்கு மட்டும் ஒரே ஒரு சான்ஸுதான்னு யாரு சொன்னது?"

என் வாயும் சும்மா இருக்கவில்லை. இருவரும் உரக்கவே சண்டை போட்டோம். சில வாரங்கள் பேசிக்கொள்ளவுமில்லை. நந்தினி ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அவளுடைய கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்க வசந்தி சம்மதிக்கவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, கம்பெனியில் ஏசி பழுதுபார்க்க வந்தவர்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இதப் படிக்கணும்" என்றாள் நந்தினி. ஐ.டி.ஐ.யில் சேர்ந்து தேறினாள். இன்று போரூர்வரை வேலைக்குப் போகிறாள். அவளை அன்றே நர்சிங்குக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வசந்தியும் ஒருநாளும் என்னிடம் அதைக் குத்திக்காட்டியதில்லை.

இறுதிச் சடங்கில் அந்த வீட்டில் தங்கிய பெண்கள் கூட்டமாக நின்றார்கள். உறவுக்காரர்கள் "இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வசந்தியின் மகன்தான், "எங்க ஊட்டுப் பொண்ணுங்க" என்றான்.

அங்கேயே நந்தினி என்னைத் தனியாக அழைத்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. "ஊட்டப் பத்திக் கவலப்படாதீங்க சார், நான் அங்கயே தங்கிப் பாத்துக்கறேன். ஆனா திருவள்ளூர்லேர்ந்து ஒரு பொண்ணு வர்றதா இருந்துச்சு. வர்ற வாரம் அதுக்குப் பதினெட்டு முடியுது. அம்மாதான் போயிக் கூட்டினு வர்றேன்னு சொல்லியிருந்தாங்க."

நேற்று நான் போனேன். இல்லத்து வாசலில் அந்தப் பெண் இரண்டு பைகளோடு முன்பே வந்து நின்றிருந்தாள். கேட்டரிங் படிக்க ஆசை என்றாள். பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவள், பட்டாபிராம் தாண்டியதும் திரும்பினாள்.

"அங்க எத்தன நாளைக்கு சார் இருக்கலாம்?"

அடுத்த ஆண்டு வாடகை யார் தருவார்கள், வீட்டுக்காரப் பெரியவர் மனம் மாறிவிடுவாரா, நந்தினியால் தனியாகச் சமாளிக்க முடியுமா, எதுவும் எனக்குத் தெரியாது.

"நீயா கிளம்பறேன்னு சொல்ற வரைக்கும்" என்றேன்.

வசந்தியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இதைத்தான்: கையில் ஒன்றுமில்லாதபோதே வாக்குக் கொடுத்துவிட்டு, அதைக் காப்பாற்ற ஓடுவது.