ஐயாயிரத்து நாற்பது போல்ட்

காதில் பென்சில் செருகிய ஒரு பேக்கிங் மேஸ்திரியை அம்பத்தூரில் ஒரு போல்ட் கம்பெனியில் பார்த்தேன். பெட்டிக்கு 5,040 போல்ட்தான் எண்ணிப் போடச் சொல்வார். ஒன்றிலிருந்து பத்து வரை எத்தனை எத்தனையாகப் பொட்டலம் கட்டினாலும் மிச்சம் வராது. வந்தால் எண்ணியது தப்பு.

அன்று பதினொன்று பதினொன்றாகக் கட்டச் சொல்லி ஆர்டர் வந்திருந்தது. இரண்டு மிஞ்சின. எண்ணிய பெண் எழுந்து நின்றுவிட்டார்.

“எண்ணின பொண்ண நாளைலேர்ந்து வரவேணாம்னு சொல்லுங்க,” என்றார் புது மேனேஜர்.

“இன்னா சார், பதினொண்ணுன்னா ரெண்டு மிஞ்சணும். மிஞ்சலன்னாதான் தப்பு. பன்னெண்டு கேட்டிருந்தா இந்த வம்பே கெடையாது,” என்ற மேஸ்திரி, அட்டையில் 458 × 11 = 5,038 என்று பெருக்கிக் காட்டினார்.

மேனேஜர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்தார். மேஸ்திரி முகத்தில் ஜெயித்த களை இல்லை. பதினொன்றின் மேல் கோபம் தீராதவராக, உள்ளங்கையிலிருந்த இரண்டு போல்ட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார்.