புளியங்கூடல் கிணற்றுக்கு ஒரு சுத்திகரிப்புத் திட்டம்

உத்தியோகக் காலத்தில் நிலத்தடி நீர் பற்றி எத்தனையோ திட்டங்கள் எழுதினேன். எழுதியபடியே நடந்தது ஒன்றுதான். அது ஓய்வுபெற்ற பிறகு, யாரும் கேட்காமல், புளியங்கூடலில் அக்காவின் வளவுக் கிணற்றுக்காக எழுதியது.

தொண்ணூற்றாறுக்குப் பிறகு, சண்டையில் இடம்பெயர்ந்த சனங்கள் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்கு மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கினார்கள். வளவு இருந்த சிறு தெருவுக்கு, அந்த ஒழுங்கைக்கு, முதலில் திரும்பியவர் அக்கா. அத்தான் இடம்பெயர்ந்த இடத்திலேயே இறந்துபோனார். ஒரே மகன் கனடாவில். தன்னிடம் வந்துவிடும்படி அவன் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டான். சொந்தக் கிணறு இருக்கும்போது இன்னொருவர் ஊர்க் குழாயில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று அக்கா ஒவ்வொரு முறையும் பதில் எழுதினார்.

கிணற்றைப் பார்க்க நானும் கூடப் போனேன். இழுத்த வாளியில் தண்ணீரின் மேல் பல நிறங்களில் ஒரு படலம் மிதந்தது. மணமே சொன்னது, டீசல். நாங்கள் இல்லாத ஆண்டுகளில் யாரோ கிணற்றுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் பரல்களை, பெரிய தகரப் பீப்பாய்களை, அடுக்கி வைத்திருந்திருக்கிறார்கள். அவற்றின் துருப்பிடித்த கறள் வட்டங்கள் நிலத்தில் அப்படியே கிடந்தன. யார் என்று நான் எழுதிய எந்த அறிக்கையிலும் இல்லை. அந்தக் காலத்தில் அதுவும் ஒரு நடைமுறை.

“விளக்கெரிக்க இவ்வளவு காணும், தம்பி,” என்று அக்கா சிரித்தார். பிறகு கிணற்றுக்கட்டில் இருந்து, வாளித் தண்ணீரின் படலத்தை விரலால் ஒதுக்கிப் பார்த்தார்.

ஊர்காவற்றுறையில் கிணறுகளுக்குப் பொறுப்பான இளம் உத்தியோகத்தரைப் போய்க் கண்டேன்.

“ஐயா, கிணத்துக்கை எண்ணெய் எண்டு எழுத எங்கடை படிவத்திலை இடமில்லை. ‘பாவனைக்கு உதவாது’ எண்டு போடட்டோ?”

“போட்டால் என்ன நடக்கும்?”

“மூடச் சொல்லிக் கடிதம் வரும்.”

“போடாட்டில்?”

“ஒண்டும் நடக்காது, ஐயா.”

“அப்ப நீர் போடாமலே விடும்,” என்றேன்.

ஆனால் பரிசோதனை இல்லாமல் திட்டம் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. கொழும்புக்கு அனுப்புவதற்காகக் கரும்பழுப்புப் போத்தலில் தண்ணீர் எடுத்து, மூடிக்கு மெழுகு உருக்கி ஊற்றி, திகதியும் ஆழமும் எழுதி ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இராணுவச் சோதனைச் சாவடியில் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, அனுமதியின்றி எரிபொருள் கொண்டுபோவதாகச் சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரில் எண்ணெய் இருக்கிறது என்று அரச தரப்பில் ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

பரிசோதனை இல்லாமலே திட்டத்தை எழுதினேன். தீவுகளில் நல்ல தண்ணீர் தனியே இருப்பதில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல், மாரி மழை பெய்து தேங்கியது மெல்லிய தட்டாக மிதக்கிறது. அவ்வளவுதான் கிணறு. புத்தகத்தில் உள்ளபடி அசுத்த நீரை ஒரேயடியாக இறைத்து வெளியேற்றினால், கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறியது இலேசில் இறங்காது. ஆகவே என் திட்டம்: எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டியெடுத்து, வளவின் அடுத்த மூலையில் தறப்பாள் விரித்துப் பரப்பி, கிழமைக்கு ஒருமுறை கிளறி வெயிலும் காற்றும் படவிட வேண்டும். சாக்கில் தேங்காய்த் தும்பு அடைத்து மிதக்கவிட்டு, கிணற்று நீரின் மேலிருக்கும் எண்ணெயை ஒற்றி எடுக்க வேண்டும். நாளுக்குப் பத்து வாளிக்கு மேல் அள்ளக்கூடாது.

திட்டமிட்டவர், பரிந்துரைத்தவர், அங்கீகரித்தவர் என்ற மூன்று இடத்திலும் நானே ஒப்பமிட்டேன். என் கையில் வேறெந்தக் கோப்பும் இவ்வளவு விரைவாக நகர்ந்ததில்லை.

செய்தவர் அக்கா. பவுசர் லொறியில் வரும் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து, தன் கிணற்றுத் தும்பைப் பிழிந்தார். மண்ணைக் கிளற ஆள் பிடித்தேன். அவன் கிளறுவது போதாதென்று தானே மண்வெட்டி எடுத்தார். நான் போகும்போதெல்லாம் ஒரு கோப்பையில் அள்ளி நீட்டுவார்.

“மணந்து பார்.”

“இன்னும் இருக்கு.”

“உனக்கு மூக்கில்லை, சட்டம்தான் இருக்கு.”

அப்படி ஐந்தாறு மாரி போனது. சமாதான காலம் வந்து தெற்குக்கான தரைப்பாதை திறந்தபோது, புதிதாக நிரப்பிய என் போத்தலும் ஒருவழியாகக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. குடிக்கலாம் என்று பதில் வந்தது. அக்கா அன்று தேத்தண்ணி வைத்துத் தந்தார். நான் மணந்து பாராமலே குடித்தேன். ஒழுங்கையிலிருந்து இடம்பெயர்ந்திருந்த இரண்டு வீட்டார், நல்ல தண்ணீர் இருக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, கூரை போட ஆள் தேடத் தொடங்கினார்கள்.

அந்தப் பாதையாலேதான் அக்காவின் மகன், என் மருமகனும் வந்தான். பதினைந்து வருடத்துக்குப் பிறகு தாயைப் பார்க்க வருகிறான். நான் அடுத்த நாள் பஸ்ஸில் போய் இறங்கியபோது படலைக்கு வெளியிலேயே இயந்திரச் சத்தம் கேட்டது. வளவு முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்த் தட்டுப்பாடு இருந்த காலம் முழுவதும் அந்த ஊரில் ஒருவரும் நீர் இறைக்கும் இயந்திரத்தை நினைத்தும் பார்த்ததில்லை. சமாதானம் அதையும் கொண்டுவந்திருந்தது.

நான் ஓடிப்போய் நிறுத்தினேன். மருமகன் சேறும் சிரிப்புமாகக் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்தான். ஊருக்குத் திரும்பிய எவரும் முதலில் செய்வது கிணறு இறைப்பதுதானே. அவனும் அதைத்தான் செய்தான்.

“விடியவிலையிருந்து இறைக்கிறம், மாமா. அடிக்கல்லுத் தெரியுது பாருங்கோ. ஊத்தை முழுக்க எடுத்தாச்சு.”

“ஓம்,” என்றேன்.

அவன் குளிக்கப் போன பிறகு அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன். “நீங்கள் சொல்லேல்லையோ?”

“பிள்ளை வந்ததும் வராததுமா, அம்மாக்கு ஒரு வேலை செய்து தரவேணும் எண்டு போட்டிருந்த சேட்டைக் கழட்டிப்போட்டு இறங்கினவன். நான் என்னத்தைச் சொல்லுறது?”

நான் போய் இயந்திரக் குழாயைக் கிணற்றிலிருந்து இழுத்துச் சுருட்டினேன்.

மருமகன் விமானம் ஏறியபோது கிணற்றில் பாதிக்குத் தண்ணீர் ஊறியிருந்தது. அடுத்த கிழமை தேத்தண்ணி உப்புக் கரித்தது. அளந்து பார்த்தேன், அளக்கத் தேவையிருக்கவில்லை. கூரை போட்ட இரண்டு வீட்டாரும் தகரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

“உப்பு இறங்க எத்தினை மாரி வேணும்?” என்று அக்கா கேட்டார்.

நான் சொன்னேன்.

“எனக்கு வயசு எழுபத்திரண்டு,” என்றார். ஆனால் அடுத்த நாளும் பத்து வாளிக்கு மேல் அள்ளவில்லை.

சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையும் பூட்டுப்பட்ட பிறகு, பவுசர் வருவதும் குறைந்தது. யாழ்ப்பாணத்தில் என் வீட்டுக்கு அவரைக் கூட்டிவந்தேன். ஒரு பெட்டியோடு வந்தார். சில நாட்களில் மருமகன் தொலைபேசியில் அழைத்தான்.

“மாமா, அம்மா ஏன் அங்கை வந்து நிக்கிறா?”

“முழங்கால் நோ. கப்பி இழுக்க ஏலாதாம்.”

“அப்ப கிணறு? தண்ணி எப்பிடி?”

அளவீட்டுக்கு மாறாக நான் ஒருநாளும் ஒரு முடிவு எழுதிக் கொடுத்ததில்லை. மேலிடத்திலிருந்து சொல்லியும் எழுதியதில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல தண்ணி,” என்றேன். “ஆக்கள் வந்து அள்ளிக்கொண்டு போகினம்.”

அக்கா கையை நீட்டி ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

“நீ இறைச்சாப்பிறகு இளநி மாதிரி, ராசா,” என்றார்.