அம்மா தன்னைப் பற்றிச் சொன்ன சனிக்கிழமை

அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு அம்மா கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்திவிட்டாள். மாட்டுப்பட்டி ஊருக்கு மேலே, எஸ்டேட் லயத்தின் வரிசை வீடுகளில் எங்களுக்கு ஓர் அறையும் அடுப்படியும்தான். அப்பாவுக்குப் பேச்சு வராது; காது நன்றாகக் கேட்கும். அவரைப் பார்க்க வரும் நர்ஸ் ஒருநாள் அம்மாவையும் பார்த்தார். போனில் பேசும் ஒரு தமிழ் மனநலக் கவுன்சலரை அவர்தான் ஏற்பாடு செய்தார்.

"படிச்சவ போன்ல பேசுனா உங்கப்பா துணிய அலசிக் குடுத்துருவாளாக்கும்" என்றாள் அம்மா. ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் போனை ஸ்பீக்கரில் போட்டு எடுத்தாள்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, முதுகுப் புண் காய்கிறது, கஞ்சி இறங்கியது என்று நர்ஸிடம் ஒப்பிப்பதையே ஒப்பித்தாள்.

"நீங்க தூங்குனீங்களா?"

"தூங்குனாரு மேடம்."

அடுத்த வாரமும் இதே கதை.

நான் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். பழுது என்றால் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழிப்பது பழக்கம். அம்மா தன்னைப் பற்றிப் பேசாததற்கும் அப்படியே காரணம் தேடினேன். ஒன்று, அப்பா பக்கத்திலேயே படுத்திருக்கிறார். இரண்டு, இங்கே இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மூன்று, அம்மாவை விசாரிக்க இதுவரை யாரும் போன் செய்ததில்லை. முதல் இரண்டுக்கு என்னால் வழி செய்ய முடிந்தது. அதற்கடுத்த சனிக்கிழமை அப்பாவுடன் நான் இருந்துகொண்டு, போனைக் கொடுத்து அம்மாவை மேட்டுப் பாதைக்கு அனுப்பினேன். அங்கே சிக்னலும் கிடைக்கும்.

மூடுபனி இறங்கிய பிறகுதான் வந்தாள். கண் வீங்கியிருந்தது. அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு, "சொல்லிட்டேன்" என்றாள், மிகத் தாழ்ந்த குரலில்.

"என்னம்மா சொன்ன?"

"சீக்கிரம் போயிட்டார்னா தேவலன்னு."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"திட்டல. நோயாளியப் பாத்துக்கிற நெறைய பேரு இதச் சொல்லுவாங்களாம். நெறைய பேரு சொன்னா சரியாயிருமா?"

பிறகு அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைக்கும்போதுகூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. ஒன்றும் அறியாத அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுவதும் அப்படித்தான்.

மறு சனிக்கிழமை போன் அடித்தபோது அம்மா அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கேன்னு நீயே சொல்லிரு."

போனை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். "அம்மா நல்லா இல்லை மேடம். இன்னைக்குப் பேச முடியாதுங்கிறாங்க. அடுத்த வாரம் கட்டாயம் கூப்பிடுங்க."

அம்மாவுக்குக் கேட்டிருக்கும். அப்பாவின் முதுகுக்குத் தலையணையை அண்டக் கொடுத்தாள்.