கடைசிக்குப் போன குடம்

எண்பதுகளின் நடுவில், கல்யாணமாகி நான் திண்டுக்கல்லுக்கு வந்த புதிது. பேகம்பூரை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். கதை எழுதும் கிறுக்கு எனக்கு உண்டு. ஆனால் மேஜை வேண்டும், அமைதி வேண்டும், மனசு கூடி வரவேண்டும் என்று ஆயிரத்தெட்டு நிபந்தனைகள். பத்திரிகைக்கு அனுப்பிய இரண்டு கதைகளும் போன வேகத்தில் திரும்பி வந்ததும், ஆசையை ஏறக்கட்டிவிட்டேன்.

எங்கள் தெருக்குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறை, மதியத்துக்கு மேல் தண்ணீர் வரும். நூல் மாதிரி ஒழுகும். ஒரு குடம் நிறையக் கால் மணி நேரமாகும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு எல்லோரும் எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார்கள். யார் முறையோ அவர் மட்டும் குழாயடியில் நிற்பார். பேச்சுத்துணை இல்லாத எனக்குப் பொழுது போகவேண்டுமே, நோட்டும் பேனாவும் எடுத்துப்போக ஆரம்பித்தேன். மேஜையில் வராதது குழாயடியில் வந்தது!

ஒருநாள் எழுதும் மும்முரத்தில், என் குடம் நிறைந்து வழிந்து தண்ணீர் சாக்கடைக்கு ஓடியதை நான் கவனிக்கவே இல்லை. யாரோ சத்தம் போட, நான் நிமிர்ந்தபோது, குழாய் வெறும் காற்றை ஊதிவிட்டு நின்றுவிட்டது. எனக்கு அடுத்து நின்றவை ஆப்பக்கடைக்காரப் பெண்ணின் இரண்டு குடங்கள். மறுநாள் கடைக்கு மாவாட்ட அவளுக்குத் தண்ணீர் இல்லை. திண்டுக்கல்லில் தண்ணீரை வீணாக்குவதைவிடப் பெரிய பாவம் உண்டா? கூனிக்குறுகி என் குடத்தை அவளிடம் நீட்டினேன். பாதியை ஊற்றிக்கொண்டு பாதியைத் திருப்பித் தந்தாள். என்னைவிட இளையவள், எழுதப் படிக்கத் தெரியாதவள்.

“அப்படி என்னத்தக்கா எழுதுறீக? வாசிங்க, கேப்போம்” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டைப் பிரித்து வாசித்தேன். வீட்டில் கோபித்துக்கொண்டு பழனி பஸ்ஸில் ஏறிவிட்ட ஒரு பெண்ணின் கதை அது. அவள் ஒட்டன்சத்திரத்தில் இறங்கியதோடு நின்றிருந்தது. அப்புறம் என்ன ஆச்சு என்று நிழலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். இன்னும் எழுதவில்லை என்றேன்.

“அடுத்த தண்ணிக்குள்ள எழுதிட்டு வாங்க. ஒங்க கொடத்த நாங்க நகட்டிப் புடிச்சு வைக்கிறோம். எழுதாம வந்தீகன்னா கொடம் கடைசிக்குப் போயிரும்” என்றாள் அவள். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் விளையாட்டு என்றே நினைத்தேன்.

நாலு நாளைக்கு ஒருமுறை எழுதியதை வாசித்தேன், அவர்கள் என் குடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் அது நடந்தது. பிறகு மூன்றாவது கதையும் திரும்பி வந்தது. அந்த முறை வெறுங்கையோடு போனேன். எழுத மனசு வரவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

“எனக்குந்தான் மாவாட்ட மனசு வாரதில்லக்கா” என்றவள், என் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில் வைத்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு ஒரு சொட்டுகூடக் கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்த என் கணவர், சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு எங்கெங்கோ அலைந்துவிட்டு வந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரவள் எனக்குச் சட்டம் போட? அந்தக் கோபத்திலேயே நாலு பக்கம் கிறுக்கினேன். சுத்த மோசம் என்று எனக்கே தெரிந்தது.

அடுத்த முறை அதையே கொண்டுபோய் வாசித்தேன். “இது நல்லால்லக்கா” என்று பட்டென்று சொன்னாள். சொல்லிக்கொண்டே என் குடத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அவளுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நன்றாக எழுதினேனா என்று பார்த்து அவள் ஒருநாளும் குடத்தை நகர்த்தியதில்லை. எழுதினேனா என்று பார்த்துத்தான் நகர்த்தியிருக்கிறாள்.

பிற்பாடு என் கதைகள் சில அச்சில் வந்தன, பல வரவில்லை. வீட்டுக்குள் குழாய் வந்தும் வெகுகாலமாகிவிட்டது. ஆனாலும் எழுத மனசு வராத நாட்களில், என் குடத்தோடு அவள் வரிசையின் கடைசிக்கு நடந்துபோவது கண்ணில் தெரியும். எட்டிப் பிடிப்பதுபோல் அவசரமாகப் பேனாவைத் திறந்துவிடுவேன்.