மாலை மரியாதையோடு ஒரு கண்டனக் கூட்டம்

எனக்கும் என் அண்ணிக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகும். பகல் வேளையில் நான் வீட்டில் இருக்கக் கூடாது. மற்றதில் எல்லாம் சண்டைதான். குழம்பில் புளி, டிவியில் சத்தம், காற்றாடியின் வேகம், எதை எடுத்தாலும் அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். மாசாயில் எங்களுடையது வரிசை வீடு. நாங்கள் சண்டை போட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கேட்கட்டுமே என்று இரண்டு பேரும் போடுவோம்.

பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு மோட்டாரில் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு லோரி என்னைத் தட்டிவிட்டுப் போனது. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. அந்தக் கதையை இதற்கு மேல் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. கிளினிக்கில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட 'எப்படிம்மா ஆச்சு?' என்று அதைத்தான் கேட்கிறார்கள், நான் கட்டியிருக்கும் புதுச் சேலையை ஒருவரும் கேட்பதில்லை. அண்ணனுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்னே மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டினால் இருட்டிய பிறகுதான் வருவார். ஆக, வீட்டில் நானும் அண்ணியும் என் சக்கர நாற்காலியும்தான்.

எங்கள் இருவரையும் ஒருவர் கையில் ஒருவர் சாகாமல் காப்பாற்றி வந்தது ஒரு வேன். தம்போயில், மோட்டார் பட்டறைகளுக்கு நடுவில், எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு பகல்நேர நிலையம் இருக்கிறது. அரசாங்க ஒதுக்கீட்டில் நடப்பது. நாற்காலியோடு ஆளைத் தூக்கி உள்ளே வைக்கும் தட்டு பொருத்திய வேன் தினமும் எங்கள் வாசலுக்கே வரும். நிலையத்தில் குளிப்பாட்டிவிடப் பெண்கள் இருந்தார்கள். கை காலை மடக்கி நீட்டிவிட ஒருவர் வருவார். நான் அங்கே தையல் சொல்லிக்கொடுத்தேன். கோணல் தையல் போடுகிறவர்களை மனம்போலத் திட்ட எனக்கு முழு உரிமை இருந்தது. சாயந்தரம் வேன் என்னைக் கொண்டுவந்து இறக்கும்போது அண்ணி வாசலில் நின்று, "வந்துட்டா மகாராணி" என்பார். "டீ எங்கே?" என்பேன். நல்ல வாழ்க்கை அது.

வேன் ஓட்டும் மலாய்க்காரப் பெரியவரை நாங்கள் பாக் சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். ஒரு நாள் அவர் என்னை இறக்கிவிட்டு, போகாமல் சாவியை உருட்டிக்கொண்டு நின்றார். "பெசோக் தா டத்தாங், கக். பட்ஜெட் கெனா பொத்தோங்" என்றார். நாளையிலிருந்து வேன் வராதாம், பட்ஜெட்டை வெட்டிவிட்டார்களாம். குளிப்பாட்டும் பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிலையம் திறந்திருக்குமாம், சொந்தமாக வர முடிந்தவர்கள் வரலாமாம். ஊனமுற்றோர் நிலையத்துக்கு இப்படி ஓர் உத்தரவு போட்ட அறிவாளி யார் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் சொல்லி அனுப்புங்கள்.

அன்றிலிருந்து எல்லாம் அண்ணி தலையில் விழுந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறை முக்காலிக்கு, மறுபடியும் நாற்காலிக்கு. அவர் ஒடிசலான ஆள். நான் அப்படி இல்லை.

"என்னத்தத் தின்னு இப்படிக் கனக்குறே?" என்பார் மூச்சு வாங்க.

"நீங்க ஆக்கிப் போடுறததான்" என்பேன்.

கொஞ்ச நாளில் அவர் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். புளி கூடிப்போச்சு என்றால் "ம்" என்றார். காற்றாடியை நான் முழு வேகத்தில் வைத்தாலும் "ம்". எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வீடெல்லாம் தைல வாசம் வேறு. கேட்டால் தலைவலி என்றார்.

பிறகு ஒரு காலை, குளியலறையில் என்னைத் தூக்கியவர் பாதியில் "அம்மாடி" என்று அப்படியே நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சுவரோடு சுவராக வழுக்கித் தரையில் உட்கார்ந்தோம். அவரால் நிமிர முடியவில்லை. என்னைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப என்னாடி பண்றது?" என்றார்.

"கவலைப்படாதீங்க அண்ணி. நான் தூக்கிவிடுறேன்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலிக்கிறது, வலித்தால் முகம் கோணுகிறது, அதைப் பார்த்து நான் சிரிக்கிறேன், நான் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரிக்கிறார். "சிரிக்க வைக்காதடி பாவி, உசிரு போவுது" என்று என் தோளில் அடித்தார். எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டால் ஏதோ விபரீதம் என்று பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா மக்சிக்குக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின்வாசல் வழியாக வந்து எட்டிப் பார்த்து "அலமாக்!" என்று கத்தி, என் மேல் துண்டைப் போட்டுவிட்டுத் தன் மருமகளைக் கூட்டிவர ஓடினார்.

இருவருமாக எங்களைத் தூக்கி உட்கார வைத்த பிறகு மக்சிக் அண்ணியின் சட்டையை விலக்கிப் பார்த்தார். முதுகு முழுக்க வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரிகள். இன்னொன்று ஒட்ட இடமில்லை. எனக்குச் சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. இத்தனை நாளாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்தப் பொம்பளை. அவர் மேல் வந்த கோபமா, எவர் மேலோ வந்த கோபமா, தெரியவில்லை, அழுகையாக வந்தது.

அன்று மாலையே நிலையத்தின் தலைவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். தங்கமான மனிதர், யார் மேலும் கோபமே வராது. அதனாலேயே அவர் மேல் எனக்குக் கோபம் வரும்.

"கண்டனக் கூட்டம் வைங்க சார். வேன் திரும்ப வரணும். இல்லாட்டி எங்கண்ணி படுத்துடுவாங்க. அவங்க படுத்தா நானும் படுத்தேன்."

"வெச்சிடுவோம்மா, நீ பதறாதே" என்றார்.

சொன்னபடி வைத்தார். ஒதுக்கீட்டைக் கூட்டவும் குறைக்கவும் செல்வாக்கு உள்ள, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரை அழைத்தார், அவரும் வர ஒப்புக்கொண்டார். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஆட்கள் காலம் காலமாக விழாதான் நடத்தியிருக்கிறார்கள். தீபாவளி அன்பளிப்பு விழா, பாராட்டு விழா, பாராட்டியவரைப் பாராட்டும் விழா. பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்றால் யாரும் யாரையும் கேட்பதில்லை, கை தானாக வேலை பார்க்கும். ஒருவர் உறுமி மேளத்துக்குச் சொல்லிவிட்டார். ஒருவர் குத்துவிளக்கைத் துலக்கி வைத்தார். என் வீட்டுக் குளிர்பெட்டியில் கைத்தண்டி ரோஜா மாலை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இது யாரு வாங்கினது?"

"நான்தான். பொன்னாடையும் வாங்கிட்டேன்" என்றார் அண்ணி.

"அண்ணி, நாம அந்த ஆளத் திட்டப் போறோம்."

"திட்டு. யாரு வேணாங்கிறா? மாலையப் போட்டுட்டுத் திட்டு. வர்றவரு கழுத்த மொட்டையா விட்டா நல்லாவா இருக்கும்?"

நிகழ்ச்சி நிரலும் வந்தது. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைவரின் கண்டனவுரை, டத்தோவின் சிறப்புரை, கடைசியில் நன்றியுரை. நன்றியுரைக்கு நேராக என் பெயர்.

"கண்டனக் கூட்டத்துல என்னாத்துக்கு சார் நன்றியுரை?"

"நன்றியுரை இல்லாம கூட்டத்த எப்படிம்மா முடிக்கிறது? மத்தவங்க எல்லாம் சாப்பாட்டுப் பக்கம் எழுந்து போயிடுவாங்க. நீதான் கடைசி வரைக்கும் உக்காந்திருப்பே" என்றார். என்ன சொன்னோம் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை, நான்தான் போனை வைத்தேன்.

கூட்டத்தன்று மக்சிக்கின் மகன் காரில் என்னை அரிசி மூட்டையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். நிலையத்தின் கூடத்தில் ஒரே புழுக்கம். 'வேனை வெட்டாதே' என்று நாங்கள் மூன்று மொழியில் எழுதிக் கொண்டுவந்த அட்டைகளை எடுத்து ஆளாளுக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள், எழுத்து தங்கள் பக்கம் தெரிய. உறுமி அதிர டத்தோ உள்ளே வந்தார். அண்ணியின் மாலை கழுத்தில் ஏறியது, பொன்னாடை தோளில் ஏறியது. கண்டிக்க எழுந்த தலைவர், மாலையும் கழுத்துமாக நின்ற மனிதரைப் பார்த்ததும், "நம் மீது அளவில்லாத அன்பு கொண்ட" என்று ஆரம்பித்தார். போச்சு என்று தலையில் கை வைத்தேன். வேன் என்ற சொல் அந்தப் பேச்சில் கடைசியில், கூச்சத்தோடு, ஒரே ஒரு முறை வந்தது.

டத்தோவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "கண்டனக் கூட்டம்னு சொன்னாங்க, பயந்துகிட்டே வந்தேன். நீங்க என்னான்னா குடும்பத்துல ஒருத்தனாட்டம் நடத்துறீங்க" என்றார். உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்றார். கைத்தட்டல். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். நாளைக்கு என்ன செய்தி வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. 'டத்தோவுக்கு மாற்றுத்திறனாளிகள் நன்றி.'

நன்றியா? இருங்கள், சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஆட்களின் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் பாதியில் நிறுத்தலாம், நன்றியுரையை நிறுத்த முடியாது. அது முடியாமல் பெரிய மனிதர் மேடையை விட்டு எழுந்தால் மரியாதை இல்லை. எங்கள் நிலையத்து மேடைக்கு ஏறப் படிதான், சரிவுப் பாதை கிடையாது, அதைப் பற்றி இன்னொரு கண்டனக் கூட்டம் போடலாம். மைக் ஒயரும் எட்டவில்லை. அதனால் என்னை மேடைக்கு நேர் கீழே, டத்தோவின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"வராத வேனுக்கு முதல்ல நன்றி" என்றேன். "அது வராததால என் அண்ணி சமையல மூணு வேளையும் சாப்புடுற பாக்கியம் கெடைச்சிச்சு." கூடம் சிரித்தது. டத்தோவும் சிரித்தார். "குளிப்பாட்டுற பொண்ணுங்கள நிப்பாட்டினதுக்கும் நன்றி. நல்லா மிச்சம் புடிச்சீங்க. ஆனா டத்தோ, அந்த வேலை எங்கயும் ஓடிப் போயிடல. வேன் செஞ்சது, அந்தப் பொண்ணுங்க செஞ்சது, எல்லாத்தையும் இப்ப ஒரே ஒரு முதுகு செய்யுது. அந்த முதுகு அதோ, பின்னால மீகூன் போட்டுக்கிட்டு நிக்குது."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி சேமியாக் கரண்டியும் கையுமாக விழித்தார். அடுத்த கிண்டலைத் தயாராக வைத்திருந்தேன், அதை விட்டுவிட்டேன்.

"வீட்டுல நன்றின்னு சொன்னா அடிக்க வருவாங்க. அதனால இங்க சொல்றேன். நன்றி அண்ணி. டத்தோ, உங்க தோள்ல இருக்குற பொன்னாடை அவங்க வாங்கினதுதான். அது அவங்க முதுகுக்குப் போனாத்தான் பொருத்தம்."

எழுந்த கைத்தட்டலைத் தங்களுக்கான சைகை என்று நினைத்து உறுமிப் பையன்கள் வெளுத்து வாங்கத் தொடங்கினார்கள். டத்தோவைக் குறை சொல்ல மாட்டேன், தானே படியிறங்கி அண்ணியிடம் நடந்து போனார். அண்ணி பின்பக்கமாக நகர்ந்து மீகூன் தட்டில் இடித்துக்கொண்டு நின்றார். டத்தோ பொன்னாடையை அவருக்குப் போர்த்தி முதுகைக் கையால் நீவிவிட்டார். "ஸ்ஸ்" என்று அண்ணி சுருண்டார். அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"வலிக்குதாம்மா?"

பெரிய மனிதர்கள் முன்னால் வாயைத் திறக்காதவர் எங்கள் அண்ணி. கல்யாண வீட்டில்கூட மூலையில்தான் நிற்பார்.

"வலிக்குது" என்றார். "சால்வை நல்லாதான் இருக்கு டத்தோ. ஆனா இது அவளத் தூக்காது. எனக்கு வேன் வேணும்."

உறுமி நின்றுவிட்டது. மேடையில் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கூடத்தில் ஒருவர் தன் அட்டையை எழுத்து வெளியே தெரியும்படி திருப்பிப் பிடித்தார், பிறகு பக்கத்தில் இருந்தவர், பிறகு எல்லோரும். பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான்.

வேன் திரும்பி வந்தது. குளிப்பாட்டும் பெண்களில் ஒருவரும் வந்தார். முதல் நாள் வாசலில் ஹாரன் கேட்டதும் அண்ணி, "போ, போய்த் தொலை" என்று என்னை வழியனுப்பிவிட்டு மத்தியானம் வரை தூங்கினாராம். மக்சிக் சொன்னார். ஆனால் வேன் வாரம் முழுக்க வருவதில்லை, மூன்று நாள்தான் வருகிறது. முழு ஒதுக்கீடு இன்னும் கிடைக்கவில்லையாம்.

வராத நாள் ஒன்றில் என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிச்ச நாளுக்கு எவன் தூக்குவான்?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க."

"அந்த டத்தோவத் திரும்பக் கூப்புடச் சொல்லு. மாலை நான் வாங்கிடுறேன்." சமையலறைப் பக்கம் போனவர் பாதியில் திரும்பினார். "ஆனா இந்த வாட்டி நன்றியுரை எனக்கு."