இர்மெலி பதில் சொல்லாத நாட்கள்

கயானி ஊரின் மாலைப் பள்ளியில் இர்மெலி ஹக்கராய்னென் பெரியவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். நான் அங்கே அலுவலகப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டேன். காட்டுக்குள் தனித்தனி வீடுகளில் இருப்பவர்கள் பனிக்காலத்தில் வகுப்புக்கு வர முடியாததால், அவர் இணையத்தில் ஒரு குழுவைத் தொடங்கினார். யாராவது ஒரு கணக்கில் சிக்கினால் அங்கே கேட்பார்கள். காபி ஆறுவதற்குள் இர்மெலியின் பதில் வந்துவிடும். மற்றவர்கள் படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

அவர் ஓய்வு பெறும் ஆண்டும் வந்தது. தனக்குப் பின் குழு நிற்குமா என்ற கவலை அவரை அரித்தது.

"நான் ஒருத்தி பேசிட்டிருக்கிறதுக்குப் பேரு குழுவா?" என்று என்னிடம் கேட்டார்.

பிப்ரவரியில், தேர்வு முடியும்வரை தான் பதில் சொல்லப்போவதில்லை, நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள் என்று குழுவில் எழுதினார். மனம் இளகிவிடும் என்று தன் மின்னஞ்சலைக்கூடத் திறக்கவில்லை.

மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டும் யர்மோ ஒரு நிகழ்தகவுக் கணக்கைக் கேட்டார். முதுகு போனவர், இரண்டு முறை தேர்வில் தோற்றவர். இம்முறை தேறினால்தான் முதுகை வருத்தாத வேறு தொழில் ஒன்றைப் படிக்கலாம். கேள்வியை எல்லோரும் பார்த்துவிட்டது திரையில் தெரிந்தது. ஒருவரும் எழுதவில்லை. மறுநாள் யர்மோவே அதன் கீழே 'பரவாயில்லை' என்று எழுதினார். தேர்வுக்கு வரவில்லை.

இர்மெலி என் மேசைத் தொலைபேசியிலிருந்துதான் அவரை அழைத்தார்.

"ஏன் வரல யர்மோ?"

"எல்லாரும் பாத்தாங்க டீச்சர். ஒருத்தர்கூட வாய் தொறக்கல. இதுகூடத் தெரியாதவன் எதுக்குப் பரீட்சைக்கு வரான்னு நெனச்சிருப்பாங்க. நெசந்தானே?"

"செப்டம்பர்ல மறுபடி எழுதலாம்."

"புத்தகத்த எல்லாம் சாவுனா நீராவிக் குளியல் அடுப்புல போட்டுட்டேன். பிர்ச் கட்டைய விட நல்லா எரிஞ்சுது."

அதற்குப் பிறகுதான் இர்மெலி தன் மின்னஞ்சலைத் திறந்தார். குழுவில் மூன்று பேர் யர்மோ கேட்ட கணக்கைச் சரியாகவே போட்டு அனுப்பியிருந்தார்கள். நீங்கள் பார்த்துச் சரி என்றால் குழுவில் போடுகிறேன், தவறாகச் சொல்லி யர்மோவைக் குழப்பக் கூடாது என்று மூவருமே எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். டீச்சர் இருக்கும் இடத்தில் முந்திக்கொண்டு பேசக் கூசுவார்கள்.

இர்மெலி மூன்றையும் யர்மோவுக்கு அனுப்பினார். பதில் இல்லை.

மே மாதம் குழுவை மூடப்போவதாக அறிவித்தார். அங்கே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தனித்தனியாக மின்னஞ்சலில் நன்றி எழுதி அனுப்பினார்கள்.